கரையேறிய பையன்

நூறு வருஷத்துப் பழைய நாவல் ஒன்றுக்குப் புது அட்டை போடும் வேலை இளவேனிலிடம் வந்தது. ஒரே மகனை ஆற்றுக்குப் பறிகொடுத்த தாயின் கதை. பழைய அட்டைகளையெல்லாம் தேடியெடுத்து வாசகர்களுக்குக் காட்டிப் பார்த்தாள். சுழித்தோடும் ஆறு, படித்துறையில் கிடக்கும் சின்னச் சட்டை, எதிலும் அவர்கள் கண் நிற்கவில்லை. ஈரத்தலையோடு சிரிக்கும் பையனுக்குத் தாய் தலை துவட்டிவிடுவது போல ஒன்று வரைந்து வைத்தாள். அத்தனை பேர் கண்ணும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பதிப்பகத்துக்கு அது போதும். அட்டை தேறிவிட்டால் கதையும் அதற்கேற்ப மாறியாக வேண்டும் என்பதுதான் இப்போதைய வழக்கம். மறுநாளே, அந்த நாவலைப் படிக்கும் எல்லோருடைய திரையிலும் பழைய கதை அழிந்து, அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான்.

இளவேனிலுக்கு உள்ளூர ஒரு நிறைவு. அக்கா கோதை, தன் மகனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து, அந்த நாவலைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். இனிமேலாவது சிரித்தபடி படிக்கட்டும்.

சாயங்காலம் போனபோது அக்கா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். திரை மடியில் கவிழ்ந்து கிடந்தது.

"பையன் கரையேறிட்டான், பாத்தியாக்கா?"

"பாத்தேன்டி. நல்லா இருக்கட்டும்." கோதை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ அழறதைப் படிச்சாத்தான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கும். துணைக்கு அவளாவது இருக்காளேன்னு இருந்தேன். இப்ப அவ புள்ளைக்குத் தலை துவட்டிக்கிட்டிருக்கா. நான் மட்டும் ஏன்டி இன்னும் கரையிலேயே நிக்கிறேன்?"