வலது கன்னத்துக் குழி

"இன்னும் கொஞ்சம் சிரி. பல்லு தெரிய வேண்டாம், கன்னம் மடங்கினா போதும்."

"வரலைண்ணா."

"வரும். தலையை இந்தப் பக்கம் திருப்பு. வெயில் இறங்குறதுக்குள்ள முடிச்சிடலாம்."

பூங்காவில் மாலை நடைக்கு வந்திருந்த கீழ்வீட்டம்மா, மரத்தடியில் கேட்ட குரலை அடையாளம் கண்டு நின்றார். மாடிவீட்டுப் பையன், கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். காமிராவுக்கு எதிரே நின்றவள் அவனுடைய தங்கை. அவள் போட்டிருந்த சாம்பல்நிறக் கோட்டைப் பார்த்ததும் கீழ்வீட்டம்மா விறுவிறுவென்று அவர்களை நோக்கி நடந்தார்.

அது அவர்களுடைய அக்காவின் கோட்டு. தையல்காரியான தாய் தன் கையாலேயே வெட்டித் தைத்து, வெளியூர் வேலைக்குப் போன மூத்த மகளுக்குக் கொடுத்தனுப்பியது. அந்த மகள் சாலை விபத்தில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த தாயைத் தவிர, அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

"ஏம்ப்பா, உனக்குப் படம் எடுக்க வேற துணியே கிடைக்கலையா?"

அவன் நிமிர்ந்தான். "ஆன்ட்டி, அது வந்து..."

"செத்தவ கோட்டை மாட்டிவிட்டு, சிரி சிரின்னு அதட்டிக்கிட்டிருக்கியே, நல்லா இருக்கா? அழுத கண்ணீரே இன்னும் காயலை." பெண்ணின் பக்கம் திரும்பினார். "உன்னை வெளியில பார்த்தே எவ்வளவு நாளாச்சு. பார்த்தா இப்படியா பார்க்கணும்?"

தங்கை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவுக்குத்தான் ஆன்ட்டி."

"என்னது?"

அவன் காமிராவைக் கீழே வைத்தான். "அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால, அக்காவை மலைமேல அணைக்கட்டு வேலைக்கு மாத்திட்டாங்க, அங்க போன் எடுக்காது, வண்டி கீழே இறங்குற அன்னிக்கு மட்டும் படம் அனுப்புவான்னு சொன்னோம். பழைய படத்தைக் காட்டினா, 'இது நான் பார்த்ததாச்சே, புதுசா அனுப்பச் சொல்லு'ன்னாங்க. இவளுக்கு அக்கா சாடைதானே, அந்தக் கோட்டைப் போட்டு எடுத்துக் காட்டினோம். 'ஏன் உம்முன்னு இருக்கா, சிரிச்ச மாதிரி அனுப்பச் சொல்லு'ன்னாங்க."

"சிரிச்சா குழி விழுது ஆன்ட்டி," என்றாள் தங்கை. "அக்காவுக்கு வலது கன்னத்துல விழும். எனக்கு இடது கன்னத்துல."

"அதனால படத்தை இடம்வலமா புரட்டிடுவேன். புரட்டினா எழுத்து திரும்பிடும், அதனால பலகை எதுவும் விழாத இடமா பார்த்துத்தான் இவளை நிறுத்துறது. வாட்சைக்கூடக் கழட்டிடுவோம். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனா குழி மட்டும் சிரிச்சாத்தான் வரும். எனக்கென்ன ஆசையா ஆன்ட்டி, இவளைச் சிரிக்கச் சொல்ல?"

கீழ்வீட்டம்மா பெண்ணை எழுப்பி நிறுத்திக் காலரை நீவிவிட்டார். திறந்திருந்த மேல்பட்டனைத் தாமே போட்டுவிட்டார்.

"உங்கண்ணன் என் பொண்ணு கல்யாணத்துக்குப் படம் எடுத்தானே, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளையை விட்டுட்டு, பக்கத்துல நின்ன அவரோட தம்பியை வளைச்சு வளைச்சு எடுத்தான். ஆல்பத்தைப் பார்த்தவங்க எல்லாம், உங்க பொண்ணு யாரைக் கட்டியிருக்கான்னு இன்னிக்கும் என்னைக் கேட்கிறாங்க."

தங்கையின் கன்னத்தில் குழி விழுந்தது. அந்தக் கணத்தை அவன் தவறவிடவில்லை.

கோட்டு பைக்குள் போயிற்று. கீழ்வீட்டம்மாவும் அவர்களோடு மாடி ஏறினார். திட்டியதற்குப் பரிகாரமாக அந்தப் பொய்யில் தாமும் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

உறை போட்டு மூடிய தையல் மெஷினுக்கு அருகே, தலையணையில் சாய்ந்திருந்தாள் தாய்.

"அக்கா படம் வந்திருக்கும்மா."

தாய் கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழுமாக நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கா. குழி நல்லா விழுந்திருக்கு. அடுத்த வாரமும் இப்படியே சிரிச்சு அனுப்பச் சொல்லு. மறந்துடாதே."

"சொல்றேம்மா."

மாத்திரைக்கு வெந்நீர் வைக்க அண்ணனும் தங்கையும் உள்ளே போனார்கள்.

"உங்க பெரியவளுக்கு மலைக்காத்து ஒத்துக்கிச்சு போலிருக்கு," என்றார் கீழ்வீட்டம்மா. "முகத்துல என்ன ஒரு களை."

தாய் அவரைப் பார்த்தாள். பிறகு வாசல்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"நீங்களுமா?"

கீழ்வீட்டம்மா கைப்பேசியையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. எம் புள்ளைங்களுக்கு அது வரலை. பொம்பளைக் கோட்டுக்கு இடது பக்கம்தான் பட்டன் வைப்போம். அந்தக் கோட்டுக்கு நான்தானே வெச்சேன்? படத்தைப் புரட்டினதுல குழியோட சேர்ந்து எல்லாப் பட்டனும் வலது பக்கம் போயிடுச்சு. முகத்தைப் பார்த்து வேணும்னா ஏமாந்திருப்பேன்." மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். "பெரியவ உயிரோட இருந்தா, சின்னவ எதுக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கணும்?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டம்மா கட்டிலுக்கு அருகே குனிந்தார்.

"தெரிஞ்சுமா வாராவாரம் படம் கேட்கிறீங்க?"

தாய் கைப்பேசியைப் போர்வையின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"நான் கேட்டாத்தான் சின்னவ கதவைத் திறந்து வெளியில போறா. குழி விழணுமேங்கறதுக்காகவாவது, வாரத்துல ஒரு தடவை சிரிக்கிறா."