எபனேசரின் ஆமென்

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எபனேசருக்குக் குரல் இல்லை. லிங்கராஜபுரம் வீட்டில் தினமும் மனைவி லில்லி ஜெபம் பண்ணுவாள். முடித்ததும் அவர் மோதிரத்தால் கட்டில் கம்பியை ஒரு முறை தட்டுவார். அதுதான் அவருடைய ஆமென்.

நேற்று அவரை ஐசியுவில் சேர்த்தார்கள். நர்ஸ் மோதிரத்தைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி லில்லியிடம் கொடுத்தாள். இன்று மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், காலிக் கட்டிலருகே முழங்காலிட்டாள்.

“ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் அவரை உம்மிடம் சேர்த்துக்கொள்ளும்.”

பழக்கத்தில் தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

“இயேசப்பா, பொய் சொல்லிட்டேன்,” என்று கதறினாள். “எனக்கு அவர் வேணும். வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

கட்டில் கம்பி ஒரு முறை ஒலித்தது.

கைப்பையைத் திறந்தாள். பஞ்சுக்குள் மோதிரம் அப்படியே இருந்தது. அவர் விரலைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.