சும்மா நிற்கிற பஸ்கள்

"வேலதான் கெடச்சிட்ச்சே! அப்புறம் இன்னாத்துக்குடி உம்முனு ஒக்காந்துகினு கீற?" என்று கேட்டபடியே குக்கரை அடுப்பில் ஏற்றினாள் செங்கமலம். போன மாதம் கம்பெனியில் கொடுத்தார்கள் என்று புருஷன் கொண்டுவந்த புதுக் குக்கர்.

"தலவலிம்மா" என்றாள் வினோதினி.

எம்.பி.ஏ. முடித்து எட்டு மாதம் ஆகிறது. நாலு கம்பெனிகள் கைவிரித்த பிறகு கிடைத்தது சின்ன வேலையா? நொடித்த தொழிற்சாலைகளை வாங்கி, நிமிர்த்தி, நல்ல விலைக்கு விற்கிற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம். அதில் நுழையப் பெரிய பெரிய படிப்பாளிகளே தவம் கிடக்கிறார்கள். ஒரகடத்துப் பெண் தலைகால் புரியாமல் குதிக்க வேண்டாமா?

குதித்ததெல்லாம் அப்பா நடேசன்தான். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இன்று பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு லட்டைத் திணித்தார். அது போதாதென்று வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு முடியிறக்கிவிட்டு, இதோ வந்து நிற்கிறார்.

அந்த மொட்டையைப் பார்த்ததும் வினோதினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா, அந்த வேலைக்கு நான் போகலப்பா."

"இன்னாம்மா சொல்ற? பஸ்ஸு முழுக்க சொல்லிட்டேனே!"

"கடைசி இன்டர்வியூல ஒரு ஃபைலக் குடுத்தாங்க. ஏதோ ஒரு தொழிற்சாலை, பேர் போடல. எதுல செலவக் கொறைக்கலாம்னு கேட்டாங்க. சொந்த பஸ்ஸை எல்லாம் வித்துட்டு, வெளிய காண்டிராக்ட் வுட்டுடுங்கன்னு சொன்னேன். அங்கியே வேலையக் குடுத்துட்டாங்க."

"நல்லதுதானே?"

"அப்புறம்தான்பா பேரச் சொன்னாங்க. உன் கம்பெனி! அத வாங்கப் போறாங்களாம். நான் சொன்னத நானே வந்து செஞ்சு முடிக்கணுமாம். அதான் எனக்கு மொத வேல."

செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு இனிமேல் யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? பெற்றவர் வயிற்றில் அடித்து வாங்கிய வேலை! தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது வினோதினிக்கு.

நடேசன் மொட்டைத் தலையைத் தடவினார்.

"அந்த ஃபைல்ல, காலைல ஏழு மணிக்கு ஆளுங்கள எறக்கிட்டா ரெண்டு மணி வரிக்கும் பஸ்ஸுங்க சும்மாவே நிக்குதுன்னு போட்டிருந்திச்சா?"

வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆமா. அதப் படிச்சுத்தான் எனக்கே அப்படித் தோணுச்சு. உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"அத்த எழுதினவனே நான்தான் கண்ணு!" நடேசன் வாய்விட்டுச் சிரித்தார். "பஸ்ஸ எங்களுக்கே வித்துடுங்க, காண்டிராக்ட்டையும் எங்களுக்கே குடுங்க, நடுவுல நாங்க வெளிச் சவாரி ஓட்டிக்கறோம்னு கம்பெனி யோசனைப் பெட்டில எழுதிப் போட்டேன். டிரைவருங்க ஆறு பேரும் ரெடியா கீறோம். எங்க ஆபீஸ்காரங்கதான் பரிசக் குடுத்துட்டு, பஸ்ஸு சும்மா நிக்கிறத மட்டும் ஃபைல்ல ஏத்திகினு, யோசனைய பீரோல வெச்சிப் பூட்டிட்டாங்க. தொறக்க ஒர்த்தர் வரமாட்டாங்களான்னு பாத்துகினு இருந்தேன்."

அப்பாடா! நேற்றிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியதில் வினோதினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"இன்னா பரிசுப்பா குடுத்தாங்க?"

அடுப்பிலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.

"தோ, கூப்புடுது பாரு" என்றார் நடேசன்.