கடுக்காய் கொடுத்தவர்

எந்த மாத்திரைக்கும் மசியாத குடல் கிருமிகள் கடுக்காய்ச் சாற்றுக்கு மட்டும் அடங்கிய காலம் அது. விருதுநகர் வியாபாரி தவசிமுத்து, வீரியம் போன பழைய சாற்றுப் பாட்டில் ஒன்றைப் பேச்சுச் சாமர்த்தியத்தில் செல்வக்கனியின் தலையில் கட்டியிருந்தார்.

அவளே திரும்ப வந்தாள். "பிள்ளைக்கு இன்னும் வயித்தால போகுது அண்ணாச்சி. ஆனாலும், கடுக்காய் குடுத்தது நீங்கதான்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லியிருக்கேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காரணம் புரியவில்லை, தவசிமுத்துவுக்குப் புரிந்தது.

"இதைக் கொண்டு போ தாயி, புதுச் சரக்கு. காசு வேண்டாம்."

"மருந்தை மாத்தக் கூடாது அண்ணாச்சி. அந்தப் பழசுலேயே இன்னொண்ணு குடுங்க. நீங்க தப்பாவா குடுத்திருப்பீங்க?"

அடுத்தவன் சரக்கை மட்டுமே குறை சொல்லிப் பழகிய நாக்கு புரள மறுத்தது. ஆனாலும், சிரித்தவர்கள் காதுபடவே சொன்னார்:

"அது செத்த சரக்கு தாயி. தெரிஞ்சேதான் குடுத்தேன்."