முழங்கால் நீர்

கதவு படாரென்று சுவரில் மோதியது.

"பஸ்ல உக்காந்துகினே பார்த்தேன் சம்பந்தி! ஆத்தாளும் மவளும் டாக்டர்கிட்ட நுழையறீங்க. யாருக்கு இன்னா?"

பொதட்டூர்பேட்டை வள்ளிநாயகி. அவள் மகனுக்கும் வரலட்சுமிக்கும் தை பன்னிரண்டில் திருத்தணி மலைமேல் முகூர்த்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

அப்போதுதான் மகளோடு உள்ளே வந்திருந்த வரலட்சுமியின் அம்மா ஜெயம்மா, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் சம்பந்தி. முட்டி வலி."

டாக்டர் சுந்தரமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பின்னால் ஸ்டவ்வில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது.

"அது இன்னா டாக்டர், உங்க கையில? கஞ்சியா?"

"முட்டியிலேருந்து நேத்து எடுத்த தண்ணி."

அந்தக் கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை.

"நல்ல முட்டித் தண்ணி எத்தனை நாள் வெச்சாலும் உறையாது. இதுல, ரத்தத்தை உறைய வைக்கிற புரதம் கசிஞ்சு கலந்திருக்கு. முட்டிக்குள்ளேயும் இப்படித்தான் படலம் படலமா படியும். வீக்கத்தை அடங்க விடாது. கொஞ்சம் கொஞ்சமா எலும்பை அரிச்சிடும்."

"குணமாவுமா?" வள்ளிநாயகிதான் கேட்டாள்.

"வலிக்கு மாத்திரை தரலாம். அவ்வளவுதான். முட்டியோட நிக்காது, கை விரலுக்கும் வரும். தறி மிதிக்கிறதை இன்னியோட விட்டுடணும்."

சுவரில் சாய்ந்து நின்ற வரலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அட, அழுவறதைப் பாரு! ஆத்தா மேல இன்னா பாசம்!" வள்ளிநாயகி அவள் கன்னத்தைத் தடவினாள். "நீங்க காலை நீட்டிகினு குந்துங்க சம்பந்தி. எங்க வூட்ல ரெண்டு தறி. மிதிக்கத்தான் மவராசி வர்றாளே."

ஜெயம்மா சிரித்தாள்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. "வுட்டுட்டுப் பூடுவான் பாவி" என்று வள்ளிநாயகி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜெயம்மா எழுந்தாள். விறுவிறுவென்று நடந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"வந்து உக்காரு வரலட்சுமி. நேத்து தண்ணி எடுத்த முட்டியைக் காட்டும்மா."