வெளிச்சத்துக்கு உத்தரவாதம்

14 அக்டோபர் 1981, புதன்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. உத்தமனை லைன்மேன் என்று எழுதிவிட்டேன். அவர் சப்-ஸ்டேஷன் ஊழியர். எந்தத் தெருவுக்கு எப்போது மின்சாரத்தை நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது. சின்னத் தவறுதான், ஆனால் வழக்கு என்று வந்தால் பெரிய வித்தியாசம்.

பாப் பாடகி ஆனியைக் கல்கத்தாவில் தெரியாதவர் இல்லை. சொந்தப் பெயர் அனந்தலக்ஷ்மி. கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவர். பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் பாடிச் சம்பாதித்து, வாடகை ஜெனரேட்டர் தொழில் தொடங்கினார். அவரைப் பாட அழைப்பவர்கள் ஜெனரேட்டரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். தினமும் கரண்ட் போகிற ஊரில் யார் மறுப்பார்கள்? அதன் சாவி மேடத்திடமே இருக்கும். இதுவரை அதை ஓட்ட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

நான் அவருடைய ஆபீஸ் உதவியாளன். அந்தச் சம்பளத்தில்தான் மாலை நேரச் சட்ட வகுப்புக்குப் போகிறேன்.

போன சனிக்கிழமை ஜாதவ்பூரில் மேடத்தின் நிகழ்ச்சி ஜகஜோதியாக நடந்தது. அதே நேரம் கரியாஹாட்டில் போட்டிப் பாடகரின் மேடை இருண்டு, கூட்டம் கலைந்தது. திங்கட்கிழமை மேடம் உத்தமனிடம் ஒரு கவரைக் கொடுத்ததைப் பார்த்தேன்.

பார்த்தது வேறு, ஊகித்தது வேறு என்பார் எங்கள் ஆசிரியர். போலீசுக்குப் போனால் வேலை போகும், படிப்பும் போகும். போகாவிட்டால் நானும் கூட்டாளி.

இன்று டீக்கடையில் உத்தமனைக் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, கரியாஹாட்ல கரண்டை கட் பண்ணத்தானே மேடம் காசு குடுத்தாங்க?"

அவர் குடித்து முடித்த மண் குவளையை, இந்த ஊர் வழக்கப்படி, கீழே போட்டு உடைத்தார். "கட் பண்றதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா தம்பி? அதுக்குத்தான் ஆபீஸ்ல சம்பளம் தர்றாங்களே. ஜாதவ்பூர்ல கட் பண்ணாம இருக்கத்தான் காசு."

"எங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே?"

"திறந்து பாத்திருக்கீங்களா வக்கீல் சார்?"

மேடத்திடம் சாவி கேட்டேன். தயங்காமல் கொடுத்தார். ஜெனரேட்டரின் பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே செங்கல்.

"நிஜமா ஒண்ணு வாங்கினா டீசல் ஊத்தணும், ரிப்பேர் பாக்கணும்," என்றார் மேடம், நகப்பூச்சை ஊதிக் காயவைத்தபடி. "என் புரோகிராம்ல என்னைக்காவது லைட் அணைஞ்சிருக்கா? போய் கேஸ் குடு. உனக்கு என்ன நஷ்டம்னு நம்மளை வாடகைக்கு எடுத்த கிளப்காரனைக் கேப்பாங்க. அவன் என்ன சொல்லுவான்?"

எந்தச் சட்டப் பிரிவு என்று எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆசிரியரைக் கேட்கலாம், ஆனால் யாருடைய வழக்கு என்று அவர் கேட்பார்.

மாலையில் கரியாஹாட் பாடகரிடமிருந்து ஆள் வந்தான். இந்தச் சனிக்கிழமை தங்கள் மேடைக்கும் ஆனி மேடத்தின் ஜெனரேட்டர்தான் வேண்டுமாம். இருக்கிற ஒன்று அன்று மேடத்தின் நிகழ்ச்சிக்கே போகிறது.

நாளைக் காலை முதல் வேலை: இரண்டாவது ஜெனரேட்டருக்குச் செங்கல் வாங்க வேண்டும்.