முப்பது நாள் இலவசம்

கஞ்சர் சரியாக முப்பதாவது நாள் காலை போன் செய்தார். ரிசீவரை நீட்டும்போதே அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்தா, உன் ஓசி கிராக்கி. மனுஷன் நாள் தவற மாட்டேங்கறாரே!"

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினாள். வேலையை விட்டுவிட்டு, அண்ணன் வீட்டு மாடி அறையில் இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது. பேச முடியாதவர்கள் டைப் செய்தால், கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுச் சொல்லும். முப்பது நாள் இலவசம், பிடித்திருந்தால் வாங்கலாம். இருநூறு பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். வாங்கியவர்கள் ஒன்பதே பேர்.

"நான்தாம்மா. சம்சாரத்துக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சே, அந்த ஆளு."

"தெரியுது, சொல்லுங்க சார்."

"இன்னொரு முப்பது நாள் குடுத்தீங்கன்னா..."

"இதோட நாலாவது தடவை சார். விலையெல்லாம் திரையிலேயே போட்டிருக்கேனே, பாக்கலியா?"

"நீங்களே ஒருவாட்டி வாசிச்சுச் சொல்லிடுங்களேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். வருடத்துக்கு இவ்வளவு, ஆயுள் முழுக்க என்றால் இவ்வளவு, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு உரிமம்.

"ஒரு மாசத்துக்கு மட்டும்னு விலை இல்லியாம்மா? டாக்டரு மாசாமாசம்தான் கணக்கு சொல்றாரு."

"பேரம் பேச இது காய்கறிக் கடை இல்ல சார்."

அண்ணி 'விடாதே' என்று சைகை காட்டினாள். போன மாதம்வரை அவள் இளகிப் போய், கெடுவை நீட்டிக்கும் எண்ணைப் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். இந்த முறை மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"வாங்கினீங்கன்னாதான் இனிமே நம்பர்."



"சரிம்மா. ஏற்பாடு பண்றேன்."

கெடு முடிந்தாலும் டைப் செய்யலாம், குரல் மட்டும் வராது. அப்போதுதான் வாங்குவார்கள் என்று அவளே யோசித்து வைத்த ஏற்பாடு அது.

பதினோராம் நாள் மறுபடியும் போன் வந்தது.

"பணம் கட்டிட்டேம்மா. ஆயுளுக்கு உள்ளதையே கட்டிட்டேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரிசீவரைப் பொத்திக்கொண்டு அண்ணியிடம் கிசுகிசுத்தாள்.

"பாத்தீங்களா? கறாரா இருந்தாத்தான் வழிக்கு வர்றாங்க."

"நம்பரைப் போட்டா, நடுவுல பூட்டியிருந்தப்ப அடிச்சு வச்சதையும் பேசுமாம்மா?" என்றார் அவர்.

"பேசும் சார். ஒரு எழுத்துகூட அழியாது. எழுதிக்குங்க. இல்ல, அம்மாகிட்டக் குடுங்க, அவங்களே போட்டுக்கட்டும்."

"அவ போயிட்டாம்மா. நாலு நாளாச்சு."

அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையை நீட்டி அண்ணியின் வாயைப் பொத்தினாள்.

"பணம் புரட்டறதுக்குள்ள முந்திக்கிட்டா. கடைசி ரெண்டு நாளும் படுத்தபடியே எதையோ அடிச்சு அடிச்சு என் மூஞ்சியையே பாத்தா. பொட்டி வாயத் திறக்கல. நானும் தலைய தலைய ஆட்டினேன்."

நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், நம்பரைச் சும்மாவே தருகிறேன் என்று என்னென்னவோ உளறினாள்.

"வேணாம்மா. விலைன்னா விலைதானே."

அவரிடம் கோபம் இல்லை. அதுதான் அவளை அறுத்தது. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்துவிட மாட்டோமா என்று தவித்தாள்.

"சத்தம் வராட்டியும் எழுத்து திரையில இருந்திருக்குமே சார்! அவங்க சொன்னதை நீங்க பாத்துப் படிச்சிருப்பீங்கதானே?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."